பூட்டியாச்சு

புறப்படும்போது நான் ஜுபைரிடம் கேட்டது ஒரே கேள்வி. "மேல் டாப்பு பூட்டியாச்சா?" அவன் சொன்னது ஒரே பதில். "பூட்டியாச்சுண்ணே." நான் கேட்டதும் சரி, அவன் சொன்னதும் உண்மை. பிறகு நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே புரியும்.

என் பெயர் நெடுமாறன். செஞ்சியில் ஆக்டிங் டிரைவர். சொந்த வண்டி கிடையாது, கூப்பிடுகிறவர்களின் வண்டியை ஓட்டிக் கொடுப்பேன். அன்று ஓட்டியது பாண்டிச்சேரி விமல்ராஜ் சாருடைய ஸ்போர்ட்ஸ் கார். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய வண்டி. சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, உட்கார்ந்தால் தரையிலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கும். தலைக்கு மேலே உள்ள கூரை தனித் துண்டு. கறுப்புப் பலகை போல, பெரிய கேரம் போர்டு அளவில் இருக்கும். வேண்டும்போது கழற்றிவிடலாம்.

முந்தின நாள் திருவண்ணாமலையில் சாருடைய சொந்தக்காரர் கல்யாணம். மாப்பிள்ளை எழுந்து நின்று கை ஆட்டுவதற்காகக் கூரையைக் கழற்றியிருக்கிறார்கள். ஊர்வலம் முடிந்ததும் யாரோ ஏனோதானோவென்று எடுத்து வைத்துவிட்டார்கள். காலையில் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோக நான் வண்டியை எடுத்ததிலிருந்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் தலைக்கு மேலே கடகடவென்று சத்தம். செஞ்சிக்குள் நுழைந்ததும் திண்டிவனம் ரோட்டில் இருக்கும் ஜுபைரின் ஒர்க்ஷாப்பில் நிறுத்திவிட்டேன்.

மற்ற டிரைவர்கள் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு பாண்டிச்சேரி வரை போயிருப்பார்கள். என்னால் முடியாது. பதினோரு வருடத்துக்கு முன் என் அண்ணன் ஜெயராமன் சேத்பட்டு ரோட்டில் பைக்கில் வந்துகொண்டிருந்தார். முன்னால் போன லாரியில் கான்கிரீட் போடும் சென்ட்ரிங் பலகை ஏற்றியிருந்தார்கள். ஒரு பலகை நழுவி வந்து அவர் கழுத்தில் அடித்தது, அந்த இடத்திலேயே போய்விட்டார். லாரி நிற்கவில்லை. நம்பரை யாரும் பார்க்கவில்லை. என் அண்ணி சுமலதா இன்றைக்கும் ரோட்டோரம் நடக்கும்போது ஒவ்வொரு லாரியிலும் பாரம் கட்டியிருக்கும் கயிற்றைப் பார்ப்பார். "அவன் என் எதிர்ல வந்து நின்னா போதும். கட்டினியா, கட்டலியான்னு ஒரே ஒரு வார்த்தை கேக்கணும்" என்பார். அதனால்தான் டிக்கி மூடியைக்கூட இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற ஆளாக நான் இருந்தேன்.

ஜுபைர் கூரையைக் கழற்றி ஒரு கோணியின் மேல் வைத்தான். ரப்பரைத் துடைத்தான். சத்தம் வந்த இடத்தில் சைக்கிள் டியூபை நறுக்கி ஒட்டினான். பஞ்சர் போட வந்திருந்த பால்காரர் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"இன்னா ஜுபைரு, பாதி வண்டிதான் வந்திருக்குது? பின் சீட்டு எங்க?"

"பின் சீட்டு அடுத்த மாசம் பார்சல்ல வருது. இறக்க ஆளு வேணும், வந்துடு."

நடுவில் அவனுக்கு போன் வந்தது. போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு பேசினான். "ஆங், உன் செயினு பூட்டிட்டேன், வந்து எடுத்துக்கினு போ. இல்ல, பிரேக்கு இன்னும் பூட்டல." நான் பக்கத்தில்தான் நின்றேன். காதில் விழுந்தது. மனதில் விழவில்லை.

பிறகு அவன் கூரையைத் தூக்கி வண்டி மேல் வைத்தான், நாலு பக்கமும் உள்ளங்கையால் அமுக்கினான். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். பதில் சொல்லிவிட்டு அவன் பால்காரரின் டயருக்குப் போய்விட்டான். என் வழக்கப்படி வெளியே நின்று கூரையை இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. உள்ளே உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தேன். முன் கண்ணாடிக்கு மேலே இரண்டு கைப்பிடிகள் இருந்தன, இரண்டும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு. ஒரே மாதிரி இருந்ததால் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். மணி பத்தே முக்கால்.

ஊர் தாண்டும் வரை நாற்பதுக்கு மேல் போகவில்லை. சத்தமே இல்லை. ஜுபைர் கைராசிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். வல்லம் பக்கம் ரோடு நேராக விழுந்தது. முன்னால் ஒரு மொபட் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் தலையில் பச்சைத் துண்டு, காலுக்கு நடுவே மல்லாட்டை மூட்டை, வேர்க்கடலையைத்தான் எங்கள் ஊரில் அப்படிச் சொல்வோம். பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். நான் ஓரம் ஒதுங்கித் தாண்டும்போது அவர் வண்டியை மேலிருந்து குனிந்து பார்த்தார், புருஷன் தோளைத் தட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. காலை அழுத்தினேன். எண்பதைத் தொட்டது.

டப்பென்று ஒரு சத்தம். காருக்குள் திடீரென்று வெயில். நிமிர்ந்தால் வானம்.

கண்ணாடியில் பார்த்தேன். கூரை வானத்தில் இருந்தது. காற்றில் எறிந்த முறம் மாதிரி சுழன்று, ஒரு நொடி அப்படியே நின்ற மாதிரி தோன்றி, ரோட்டைப் பார்த்து இறங்கியது. அது இறங்கும் இடத்தில்தான் மொபட் வந்துகொண்டிருந்தது. அதற்குள் எதிரே வந்த வைக்கோல் டிராக்டர் ஒன்று என்னைத் தாண்டிப் போய், கண்ணாடியில் தெரிந்ததை மறைத்துவிட்டது.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். நான் உடனே நிற்கவில்லை. பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று தெரிகிறது, கால் போகவில்லை. இரண்டு கிலோமீட்டர் தாண்டி ஒரு புளியமரத்தடியில்தான் வண்டி நின்றது. ஸ்டீயரிங்கைப் பிடித்த விரல்களைப் பிரிக்கவே நேரம் ஆயிற்று. ஜுபைருக்குப் போன் போட்டேன்.

"ஜுபைரு, டாப்பு பறந்துடுச்சுடா."

"இன்னாண்ணே சொல்ற?"

"பூட்டிட்டேன்னு சொன்னியேடா! பின்னாடி மொபட்ல ரெண்டு பேரு வந்தாங்கடா!"

"யா அல்லா. பூட்டினேண்ணே. பின்னால முள்ளு ரெண்டும் ஓட்டையில ஒக்காந்துச்சு, ரப்பர சுத்தி அமுக்கினேன். நீ லாக்கு போடல?"

"இன்னா லாக்கு?"

"தலைக்கு மேல ரெண்டு கைப்பிடி இருக்குதேண்ணே. அத்த உள்பக்கம் திருப்பினாதான லாக்கு. அது டிரைவரு போடறது. சீட்டு பெல்ட்டு மாதிரி. நான் பூட்டிக் குடுத்தேன், லாக்க நீதானே போட்டுக்கணும்."

ஒர்க்ஷாப்பில் கழற்றுவதற்கு எதிர்ப்பதம் பூட்டுவது. செயினைப் பூட்டுவார்கள், பிரேக்கைப் பூட்டுவார்கள். பொருத்திவிட்டேன் என்று அர்த்தம். கதவைப் பூட்டு, பீரோவைப் பூட்டு என்று வளர்ந்தவன் நான். முப்பத்தெட்டு வயது வரை ஒரே ஊரில் இருவரும் ஒரே சொல்லை ஆளுக்கொரு அர்த்தத்தில் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"அண்ணே, அவங்களுக்கு இன்னா ஆச்சு? பாத்தியா?" என்றான் ஜுபைர்.

"பாக்கல."

"இன்னும் பாக்கலியா?"

அவன் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

இடத்தை அடையாளம் கண்டுபிடிக்கக் கஷ்டம் இல்லை. ரோடு முழுக்க மல்லாட்டை சிதறிக் கிடந்தது. போகிற வண்டிகள் அதை நொறுக்கிக்கொண்டு போயின. மொபட் ரோட்டோரப் பள்ளத்தில் மல்லாந்து கிடந்தது. ஒரு பெண் செருப்பு. பச்சைக் கண்ணாடி வளையல் மூன்று துண்டாக. அதற்குப் பக்கத்தில் தாரில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். தண்ணீர் என்று சொல்லிக்கொண்டே குனிந்தேன். தண்ணீர் இல்லை.

ஆட்கள் இல்லை. கூரையும் இல்லை.

எதிர்ப்பக்கம் இளநீர் விற்றுக்கொண்டிருந்தவரிடம் போனேன். அரிவாளைக் கையில் வைத்தபடியே சொன்னார்.

"புருஷன் பொஞ்சாதிப்பா. வெத மல்லாட்டை வாங்கிக்கினு போனவங்க. மேலருந்து ஒரு கறுப்புத் தகடு வந்து வண்டிக்கு முன்னாடி விழுந்துச்சு. ஒதுக்கினாரு, வண்டி வழுக்கிடுச்சு. அவருக்கு முட்டிதான் தேஞ்சிச்சு. அந்தம்மாவுக்குத் தலையில அடி. கண்ணே தொறக்கல. ஷேர் ஆட்டோல போட்டுக்கினு செஞ்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க."

"உயிரு?"

"அத்த நான் எப்படிச் சொல்றது? தகட்டையும் அந்தாளு விடல. மடியில வெச்சிக்கினு போனாரு. எவன் வண்டியிலருந்து விழுந்துச்சோ, படுபாவி, நிக்காமப் போயிட்டான்." அப்போதுதான் அவர் பார்வை என்னைத் தாண்டிப் போய் கார் மேல் நின்றது. "இன்னாப்பா இது? உன் வண்டிக்கு மேல ஒண்ணும் இல்ல?"

"கழட்டி வெச்சிருக்குது" என்றேன்.

நானேதான் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. அவர் "ஓகோ" என்று இளநீர்க் குலையைப் பார்க்கத் திரும்பினார். நான் வண்டியில் ஏறி, செஞ்சிப் பக்கம் பார்த்து நின்றிருந்த வண்டியைத் திண்டிவனம் பக்கம் திருப்பினேன். அப்போது விமல்ராஜ் சார் கூப்பிட்டார்.

"நெடுமாறன், எங்க வர்றே? டாப்பு பத்திரம்யா. அது போச்சுன்னா இந்தியாவுல கெடைக்காது."

"பத்திரமா இருக்குது சார்" என்றேன். இரண்டாவது பொய்.

மெல்ல ஓட்டினேன். உச்சி வெயில் நேராகத் தலையில் இறங்கியது. ஒதுங்க இடமில்லை, மூடிக்கொள்ள எதுவும் இல்லை. அந்த அம்மாள் குனிந்து பார்த்துச் சிரித்தது கண்ணுக்குள்ளேயே நின்றது. சேத்பட்டு ரோட்டில் போன லாரி டிரைவரை நான் பதினோரு வருடமாகப் பெரிய மீசையும் சிவந்த கண்ணுமாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவனும் இப்படி இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, வேர்த்து, "திரும்பணும், திரும்பணும்" என்று சொல்லிக்கொண்டே நேராகப் போயிருப்பான் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. அடுத்த வளைவு வருவதற்குள் வண்டியைத் திருப்பிவிட்டேன். திருப்பிய பிறகு எண்பது, தொண்ணூறு, நூறு. வாய் மட்டும் "கண்ணத் தொறங்கம்மா, கண்ணத் தொறங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தது. காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரை உடனே கண்டுகொண்டேன். பச்சைத் துண்டு இப்போது முட்டியில் கட்டியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், ஆள் உட்கார்ந்த மாதிரி, சுவரில் சாய்த்து வைத்திருந்தது அந்தக் கறுப்புக் கூரை. ஒரு முனை உடைந்திருந்தது. அவர் ஒரு கையை அதன் மேலேயே வைத்திருந்தார்.

நான் போய் எதிரே நின்றேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். வந்தது ஒரே வரி.

"இது நான் ஓட்டின வண்டியோடது" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்தார். கூரையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டுதான் எழுந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் அது ஒரு கதவு மாதிரி நின்றது.

"உன் பேரு இன்னா?"

"நெடுமாறன்."

"நான் செல்லப்பன். உள்ள கெடக்கறவ மீனம்பாளு." வார்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டா. தலையில ஸ்கேன் எடுக்கணுமாம், இங்க ஆவாதாம், முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிட்டாங்க. பேசுவாளா, பேசமாட்டாளா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க. நீ நின்னிருந்தீன்னா இந்த வண்டியிலயே ஏத்தியாந்திருப்பேனே, பாவி. ஆட்டோவுக்கு எத்தினி நேரம் நின்னேன் தெரியுமா?"

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கூரையை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. நர்ஸ் விபத்துப் பதிவில் எழுத, வண்டி ஓட்டிய ஆளைக் கேட்டார். என் பெயர், லைசென்ஸ் நம்பர், வண்டி நம்பர், போன் நம்பர் எல்லாம் வரிசையாகச் சொன்னேன். எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தவும் சொன்னேன்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கூடவே அவர்கள் மகள் கவிதா, தலைமுடியை அள்ளி முடிந்தும் முடியாமலும் ஓடி வந்தாள். மீனம்பாளுக்குத் தலை முழுக்கக் கட்டு. முகம் சாம்பல் பூத்திருந்தது. கை இரண்டும் பக்கத்தில் கிடந்தன, ஒன்றில் வளையலே இல்லை. செல்லப்பன் குனிந்து, "மீனா, மீனா, கூரைய விட்டவன் வந்துட்டான்" என்றார்.

எதற்கு அதைச் சொன்னார் என்று தெரியாது. மனைவியைக் கூப்பிட வேறு எதையெல்லாமோ சொல்லிப் பார்த்து முடித்திருப்பார்.

இமை அசைந்தது. ஒரு கண் மட்டும் பாதி திறந்தது. தேடியது. என் மேல் வந்து நின்றது.

"எவன்?"

"இவந்தான்."

"ஏன்யா..." மூச்சு வாங்கியது. "எரும மாட்டக்கூட கயித்தப் புடிச்சிக்கினுதான்யா ரோட்டுல ஓட்டுவோம். அவ்ளோ பெரிய வண்டிய வெச்சிக்கினு... பூட்டினியா, இல்லியா? ஒண்ணு சொல்லு."

சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. ஒர்க்ஷாப் பேச்சு, வீட்டுப் பேச்சு, ஒரே திசையைப் பார்த்த இரண்டு கைப்பிடிகள், ஜுபைரின் பெயர். எல்லாம் உண்மைதான். அவர் கண் அதற்குள் மூடிக்கொண்டுவிடும் போல இருந்தது.

"பூட்டலம்மா" என்றேன்.

"அப்பிடிச் சொல்லு" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

108 வண்டியில் கவிதா ஏறினாள். கூட ஒருவருக்குத்தான் இடம் என்றார்கள். செல்லப்பன் கதவைப் பிடித்துக்கொண்டே நாலடி ஓடினார், முட்டி மடங்கி நின்றுவிட்டார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"வண்டி எங்க?"

"வெளியதான்."

"எடு."

வெளியே ஜுபைர் பைக்கைக்கூட ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு வந்துகொண்டிருந்தான். கை முழுக்க கிரீஸ். செல்லப்பன் தூக்கி வந்த கூரையை மறுபக்கம் பிடித்துக்கொண்டான். "நான் பூ..." என்று தொடங்கியவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "நான் மாட்டிடறேண்ணே" என்றான்.

பின்னால் முள் இரண்டும் ஓட்டையில் உட்கார்ந்தன. ரப்பரை அமுக்கினான். நான் உள்ளே போய் நிமிர்ந்து, முதல் கைப்பிடியைத் திருப்பினேன். டக். இரண்டாவதைத் திருப்பினேன். டக். வாழ்க்கையில் நான் முதல் தடவை கேட்ட சத்தம் அது. அவ்வளவு சின்ன சத்தம்.

"ஆச்சு, ஏறுங்க" என்றேன்.

செல்லப்பன் ஏறவில்லை. "கயிறு?"

"லாக்கு விழுந்துடுச்சுங்க. இனிமே அசையாது."

"கயிறு கட்டு."

ஜுபைர் பைக் பெட்டியிலிருந்து நைலான் கயிற்றை எடுத்து வந்தான். இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு, கூரைக்கு மேலே போட்டு, உள்ளே வாங்கி, மறுபடி மேலே போட்டு, லாரிக்காரர்கள் போடுகிற முடிச்சைப் போட்டு இழுத்தான். செல்லப்பன் கயிற்றைத் தெறித்துப் பார்த்தார். இன்னொரு சுற்று போடச் சொன்னார். அதுவும் போட்டோம். பிறகுதான் ஏறினார். எங்கே காலை நீட்டுவது என்று தெரியாமல் தடுமாறினார்.

"இன்னா வண்டிய்யா இது, குழியில எறங்கற மாதிரி" என்றவர், சொன்ன வார்த்தை காதில் விழுந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

மண்டை ஓட்டில் ஒரு கீறல், உள்ளே ரத்தம் கட்டவில்லை, பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்னது மாலை நாலு மணிக்கு. அது வரைக்கும் எங்களுக்கு எதுவும் தெரியாது. முன்னால் 108 அலறிக்கொண்டு போகிறது. அது வேகம் எடுத்தால் என்னவோ என்று பயம், மெல்லப் போனால் முடிந்துவிட்டதோ என்று பயம். பின்னால் செஞ்சி மலை சிறுத்துக்கொண்டே போனது. திறந்த கண்ணாடி வழியாகக் காற்று அடித்தது. மேலே கயிறு விம்மென்று இரைந்தது. விமல்ராஜ் சார் இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை எடுத்து, "டாப்பு பறந்துடுச்சு சார், ஒரு அம்மாவுக்கு அடி, அவங்களோட ஆஸ்பத்திரிக்குப் போயிக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

செல்லப்பன் அந்தப் பேச்சைக் கேட்ட மாதிரியே இல்லை. ஏறின இடத்திலிருந்தே வலது கையை மேலே தூக்கி, உள்ளங்கையைக் கூரையில் வைத்து அழுத்திப் பிடித்திருந்தார். லாக்கு போட்டிருக்கிறது. கயிறு மூன்று சுற்று கட்டியிருக்கிறது. கை கடுக்கத் தொடங்கியபோது இடது கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

முப்பது கிலோமீட்டருக்கு மேல் அப்படியே வந்தார். கையை எடுங்கள் என்று நான் சொல்லவில்லை.